எடுக்காத சதை

என் தங்கையின் கணவருக்கு உணவுக்குழாயிலிருந்து சதை எடுத்துச் சோதித்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. எடுத்தேன் என்று அவரிடம் சொன்னேன். முடிவு நன்றாக வந்திருக்கிறது என்றும் சொன்னேன். அவர் அதை நம்பிச் சில வருடங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார், தூங்கினார். பிறகு செத்துப்போனார்.

விஷயம் இவ்வளவுதான். இனி நான் எழுதப்போவதெல்லாம் விளக்கம்... சப்பைக்கட்டு என்று நீங்கள் எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் வயிற்று மருத்துவன். தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை பார்க்கிறேன். வாய் வழியாகக் குழாயை விட்டு உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் வரை பார்ப்பது என் அன்றாட வேலை. எனக்குக் கை சுத்தம் என்று பெயர். குழாய் உள்ளே போனதே தெரியவில்லை டாக்டர் என்று நோயாளிகள் சொல்வார்கள். அதைக் கேட்டு நான் உள்ளூரப் பூரித்துப்போவேன். இன்றைக்கும் பூரித்துப்போகிறேன், வெட்கங்கெட்டவன்!

கோமதி என் சித்தப்பா மகள். எங்கள் வீட்டில் பெண் பிள்ளை கிடையாது. ஆகவே எனக்குத் தங்கை என்றால் அவள் ஒருத்திதான். அவளை இலஞ்சியில் கட்டிக்கொடுத்தோம். அவள் கணவர் சங்கரலிங்கத்துக்கு அங்கே தென்னந்தோப்பும், ஐந்தருவி போகிற வழியில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் நாலு அறைகளும் இருந்தன. என் வயதுக்காரர். என்னை 'மச்சான்' என்பார். நான் 'மாப்ள' என்பேன். வாய்நிறையச் சிரிக்கிற மனிதர்.

அந்த மனிதருக்கு நெஞ்செரிச்சல் பல வருடங்களாக இருந்தது. சீசன் நாட்களில் அறைக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து அகாலத்தில் சாப்பிடுவார். சாப்பிட்ட கையோடு படுப்பார். எரிச்சல் வந்தால் ஒரு சோடா. அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக்கடையில் எதையாவது வாங்கி ஒரு மடக்கு. வீட்டிலேயே ஒரு வயிற்று டாக்டர் இருந்தும், என்னிடம் வாயைத் திறந்து சொல்ல அவருக்கு இத்தனை காலம் ஆயிற்று.

ஒருநாள் சாரல் தொடங்கிய சமயத்தில் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"மச்சான், நெஞ்சு எரியுது. படுத்தா புளிச்ச தண்ணி தொண்டைக்கு வருது. ஒங்க தங்கச்சிதான் பிடிச்சுத் தள்ளி விட்டிருக்கா."

நான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படமே வரைந்து காட்டினேன். உங்களுக்கும் சொல்கிறேன். இது தெரியாமல் நான் செய்தது எவ்வளவு பெரிய பாதகம் என்று உங்களுக்கு விளங்காது.

உணவுக்குழாயின் உட்புறத்தோல் வெளிறிய நிறம். இரைப்பையின் உட்புறம் நல்ல சிவப்பு. இரண்டும் சேருகிற இடத்தில் கோடு கிழித்ததுபோல ஓர் எல்லை தெரியும். வருடக்கணக்காக அமிலம் மேலே ஏறி ஏறிச் சுட்டால், கீழ்ப்பகுதித் தோல் தன்னை மாற்றிக்கொள்கிறது. சிவப்பு எல்லை தாண்டி மேலே ஏறிவிடுகிறது. அப்படி ஏறிய பெரும்பாலானோருக்கு ஆயுசு முழுக்க ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மட்டும் அந்தச் சிவப்புத் தோலுக்குள் செல்கள் கோணலாகத் தொடங்குகின்றன. புற்றுக்கு முந்தைய படி அது.

அந்தக் கோணல் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் இதில் உள்ள கொடுமை! மேல்பார்வைக்கு எல்லாம் வழவழவென்று ஒன்றுபோலவே இருக்கும். அதனால் எங்களுக்கு ஒரு முறை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சந்தேகமாகத் தெரிகிற இடம் இருந்தால் அதை முதலில் எடு. பிறகு சிவப்பு ஏறிய இடம் முழுவதும், இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு தடவை நின்று, நாலு பக்கமும் ஒவ்வொரு துணுக்கு எடு. ஒவ்வொரு மட்டத்துக்கும் தனிப் புட்டி. துணுக்கு ஒன்றும் பெரிதில்லை, ரவையைவிடச் சற்றுப் பெரிது. நோயாளிக்கு வலிக்கக்கூட வலிக்காது. உன் கண்ணை நம்பாதே, எடுத்து அனுப்பு என்பதுதான் அந்த முறையின் சாரம்.

சங்கரலிங்கம் படத்தைக் கவனமாகப் பார்த்தார். "அப்போ சதை எடுத்தாத்தான் தெரியும்ங்கீக?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எடுத்துருங்க மச்சான். நமக்கு என்ன, தூக்கத்துலதானே எடுக்கீக" என்று சிரித்தார்.

குழாய் விடுகிற நாள் காலையில் கோமதி தனியாக என் அறைக்குள் வந்தாள். கணவரை வெளியே உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள். கதவைச் சாத்தினாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எண்ணே, குழாய விட்டுப் பாரு. ஆனா சதைய மட்டும் நோண்டாத."

"என்னட்டி பேசுத? எதுக்கு நோண்டக்கூடாது?"

"எதுக்குன்னு ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். நான் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் சித்தப்பாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான்தான். எடுத்தார்கள். புற்று என்று வந்தது. ஏற்கெனவே முற்றியிருந்த நோய், சில மாதங்களில் அவரைக் கொண்டுபோய்விட்டது. வீட்டில் யாரும் நோயைக் குற்றம் சொல்லவில்லை. கத்தி பட்டதால்தான் பரவியது என்றார்கள். சும்மா கிடந்த கட்டியை டாக்டருக்குப் படிக்கிற பயல் நோண்டவைத்துக் கொன்றுவிட்டான் என்று, துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமே சொன்னார்கள்! கோமதி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் மறுபடி என்னோடு பேச இரண்டு வருடம் ஆயிற்று.

அந்தப் பேச்சு எத்தனை பட்டம் வாங்கியும் என்னைவிட்டுப் போகவில்லை. ஊரில் எத்தனையோ பேருக்குப் பயமில்லாமல் சதை எடுத்திருக்கிறேன். சொந்தக்காரர் ஒருவர் வந்து படுத்தால் மட்டும் அந்தப் பேச்சு காதில் விழும்.

"எங்க அப்பாவ அப்படித்தான் பறிகுடுத்தோம்ணே. இவுகளும் போயிட்டாகன்னா நான் என்ன செய்வேன்? பாத்து மட்டும் சொல்லு. நீ பாத்தா ஒனக்குத் தெரியாதா? ஊரே ஒன் கைய மெச்சுது. எங்கையில அடிச்சுச் சத்தியம் பண்ணு, எடுக்க மாட்டேன்னு."

கையை நீட்டினாள். நீட்டியபடியே அழுதாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. உட்காரவைத்து, சதை எடுப்பதால் பரவாது என்று பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். சித்தப்பாவின் நோய் வேறு, இது வேறு என்று விளக்கியிருக்கலாம். உன் புருஷன் சம்மதித்திருக்கிறார், முடிவு அவருடையது என்று கண்டித்திருக்கலாம். அன்றைக்கு வெளியே கூட்டம் நெரிந்தது. அருவியில் குளித்துவிட்டுக் கண்டதையும் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த வெளியூர்க் கூட்டம். நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் காரணம் நேரமில்லை என்பது கிடையாது. ஊரே ஒன் கைய மெச்சுது என்றாளே... அதில் நான் விழுந்துவிட்டேன்!

அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

சங்கரலிங்கத்துக்கு ஊசி போட்டு மயங்கவைத்துக் குழாயை விட்டேன். எல்லைக்கோட்டைத் தாண்டிச் சிவப்பு ஏறியிருந்தது. மூன்று விரற்கடை இருக்கும். நர்ஸ் செல்வி, சதை கிள்ளும் கவ்வி வைத்த கம்பியைப் பிரித்துக் கையில் தயாராக வைத்திருந்தாள். ஃபார்மலின் புட்டிகளை வரிசையாக எடுத்துவைத்திருந்தாள்.

"சார், பயாப்சி?"

"பொறு. பாக்கேன்" என்றேன்.

பார்த்தேன். சாதாரண வெளிச்சத்தில் பார்த்தேன். நீல வெளிச்சத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒளியில் தோலின் மேல் ஓடும் வரிகள் இன்னும் தெளிவாகத் தெரியும். மேடு இல்லை, பள்ளம் இல்லை, புண் இல்லை. வரிகள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. வழக்கத்தைவிட நெடுநேரம் பார்த்தேன். கண்ணை நம்பாதே என்று எனக்குக் கற்பித்தார்கள், மாணவர்களுக்கு நானே அதைக் கற்பித்திருக்கிறேன். அன்றைக்கு நான் என் கண்ணை நம்பினேன்.

"வேண்டாம் செல்வி. உள்ள வச்சிரு" என்று குழாயை உருவினேன். அவள் புட்டிகளை எடுத்து உள்ளே வைத்தாள். பெரிய டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இதுவரைக்கும் செய்தது தவறு. கோழைத்தனம் என்றும் சொல்லலாம். ஆனாலும் திருத்தியிருக்கக்கூடிய தவறு. மயக்கம் தெளிந்ததும் அவரிடம், "மாப்ள, இன்னைக்கு எடுக்கல. மாத்திரை சாப்பிட்டுப் புண்ணு ஆறட்டும், ரெண்டு மாசம் கழிச்சு எடுப்போம்" என்று சொல்லியிருந்தால் போதும். மருத்துவத்தில் அப்படி ஒரு வழக்கமும் உண்டு. அப்படிச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். சத்தியமாக நினைத்திருந்தேன்!

அவர் கண்ணைத் திறந்தார். கோமதி பக்கத்தில் இல்லை, காப்பி வாங்கப் போயிருந்தாள்.

"எடுத்தாச்சா மச்சான்?"

"எடுத்தாச்சு மாப்ள" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது... இல்லை, அவர் முகத்தின் மேல் பழியைப் போடக் கூடாது. எடுக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பார். ஒரு பொம்பளையின் அழுகைக்குப் பயந்து நான் என் தொழிலை விட்டுக்கொடுத்தேன் என்று சொல்ல வேண்டி வரும். அதற்கு வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்துக்காகப் பொய் சொன்னேன்.

பொய்யோடு நிறுத்தினேனா? "கோமதிகிட்ட சொல்லாதீங்க. அவ பயப்படுதா. சதையே எடுக்கலன்னு அவகிட்டச் சொல்லிக்கிடுவோம்" என்று அவர் காதில் போட்டேன். அவர் கண்ணடித்துச் சிரித்தார். ஆக, புருஷனுக்கு ஒரு கதை, பொண்டாட்டிக்கு ஒரு கதை. இரண்டு பேரையும் சமாளித்துவிட்ட சாமர்த்தியசாலி நான்!

அடுத்த ஒரு வாரம் அவர் என்னைப் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "வந்துட்டா மச்சான்? என்னமும் இருக்குமோ?" என்பார். சிரிக்கிற மனிதரின் குரலில் அந்தப் பயத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எங்கேயும் அனுப்பாத சதைக்கு, வராத முடிவை, "நாளைக்கு வந்திரும்... லேபுல கூட்டமாம்" என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். உடனே சொன்னால் சந்தேகப்படுவார் என்று கணக்குப் போட்டேன், பாருங்கள். பொய்க்கு அவ்வளவு மெனக்கெட்டேன்.

கடைசியில் சொன்னேன். "சுத்தமா இருக்கு மாப்ள. ஒண்ணுமே இல்ல."

அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது. மறுநாள் இலஞ்சிக் குமரனுக்குப் பாலாபிஷேகம் செய்து, திருநீறும் சர்க்கரைப் பொங்கலும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் அந்தப் பொங்கலைச் சாப்பிட்டேன். நெய் தாராளமாக விட்டிருந்தார்கள். நன்றாக இருந்தது என்று அவரிடம் சொன்னேன்.

சோதனை முடிவைக் காட்டுங்கள் என்று அவர் கேட்டிருந்தால் நான் அன்றைக்கே மாட்டியிருப்பேன். கேட்கவில்லை. சொந்த மச்சான் வாயால் சொன்ன பிறகு யார் காகிதம் கேட்பார்கள்? எங்கள் பக்கத்தில் சொந்தக்காரருக்கு வைத்தியம் பார்ப்பது இப்படித்தான். வெளியாள் என்றால் எல்லாம் எழுத்தில் இருக்கும், கையெழுத்து இருக்கும், மறுபடி வர வேண்டிய நாள் குறித்திருக்கும். நம்மாள் என்றால் வாய்ப்பேச்சு, தோளில் ஒரு தட்டு. அவர் ஒரு வெளியாளாக வந்து என்னிடம் படுத்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.

அமிலத்தை அடக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்தேன். எரிச்சல் ஒரேயடியாக நின்றுபோயிற்று. அதுதான் அந்த மாத்திரையின் குணம். எரிச்சலை அடக்கும், மாறிப்போன தோலைப் பழையபடி ஆக்கிவிடாது.

ஒரு வருடம் கழித்து, ஏதாவது சாக்குச் சொல்லி மறுபடி படுக்கவைத்து, முறைப்படி எல்லாத் துணுக்குகளையும் எடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். அது நடந்தால் என் பொய் யாருக்கும் தெரியாமலே மெய்யாகிவிடும் அல்லவா? ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தேன்.

"மாப்ள, ஒருதடவை திரும்பக் குழாய விட்டுப் பாத்துருவமா?"

"அட போங்க மச்சான்! அதான் சுத்தம்னு சொல்லிட்டீகளே. எரிச்சலும் இல்ல, ஒரு எழவும் இல்ல. எதுக்கு வாயப் பொளந்துகிட்டுப் படுக்கணும்?" என்று இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

என் பொய்யையே எடுத்து என் வாயை அடைத்துவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. அதற்கு அடுத்த வருடமும் கேட்டேன். அப்போதும் சிரித்துத் தட்டிவிட்டார். மூன்றாவது வருடம் நான் கேட்கவே இல்லை. அவர் பார்க்க நன்றாகத்தான் இருந்தார். ஒன்றும் ஆகாது என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

பிறகு ஒருநாள் வந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது.

"மச்சான், போண்டா தின்னா நெஞ்சுல நிக்குது. தண்ணி குடிச்சுத் தள்ளுதேன். நாலஞ்சு நாளா இட்லியும் நிக்குது."

அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. குழாயை விட்டேன். முழுதாகக் கீழே போக வழியில்லை. காலிஃபிளவர் போல ஒரு வளர்ச்சி முக்கால்வாசி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை நாலு பக்கம், இரண்டு சென்டிமீட்டர் என்று எந்த முறையும் வேண்டியிருக்கவில்லை. கவ்வியை எங்கே வைத்தாலும் புற்றுதான். செல்வி புட்டியை நீட்டினாள். துணுக்கைப் புட்டிக்கு வெளியே தவறவிட்டேன். கை சுத்தக்காரன் கை!

கல்லீரலுக்கும் போயிருந்தது. திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே என் வயதுள்ள ஒரு மருத்துவர் படங்களைப் பார்த்துவிட்டு, "முன்பு எப்போதாவது எண்டாஸ்கோப்பி செய்ததுண்டா?" என்று என்னிடம் கேட்டார். "ஒரு தடவை. அப்போது ஒன்றும் இல்லை" என்றேன். அவர் தலையாட்டினார். கோணலான நிலையிலேயே கண்டுபிடித்திருந்தால், அதே குழாய் வழியாக அந்தத் தோலை உரித்தோ பொசுக்கியோ எடுத்துவிட முடியும். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. அதையெல்லாம் அந்த மருத்துவமனையில் வாராவாரம் செய்கிறார்கள். அதைச் செய்கிற அறையின் வாசலைத் தாண்டித்தான் சங்கரலிங்கத்தைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன்.

அன்றைக்கே சதை எடுத்திருந்தால் அதில் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கலாம். ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். ஒன்றும் இல்லை என்று வந்திருந்தாலும், முறைப்படி மறுபடி பார்க்கிற நாளைக் குறித்திருப்பேன், அதில் அகப்பட்டிருக்கும்... அகப்படாமலும் போயிருக்கலாம். எத்தனை தடவை இந்தக் கணக்கைப் போட்டாலும் விடை வருவதில்லை. விடை சொல்ல வேண்டிய சதையைத்தான் நான் எடுக்கவே இல்லையே!

சங்கரலிங்கம் இலஞ்சியில் தன் வீட்டிலேயே இறந்தார். கடைசி நாட்களில் தண்ணீர்கூட இறங்கவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பாள் கோமதி. நான் போகும்போதெல்லாம் அவர் என் கையைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள், "நீங்க என்ன செய்வீக மச்சான்... நீங்க அப்பவே பாத்தீகதானே" என்றார். என்னைத் தேற்றினார், ஐயா! செத்துக்கொண்டிருந்த மனிதர் என்னைத் தேற்றினார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நிம்மதியாகப் போகட்டும் என்று விட்டுவிட்டதாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அவர் கை என் கையை விட்டுவிடுமே என்று பயந்தேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் கிளம்பிய பிறகு கோமதி என்னைத் தோப்புப் பக்கம் கூப்பிட்டாள். அழுது ஓய்ந்த முகம். குரலில் அழுகை இல்லை.

"எண்ணே, நீ அன்னைக்கே சதைய எடுத்துட்டியாமே?"

யார் சொன்னது என்று கேட்டேன்.

"சாகதுக்கு முந்தி அவுகளே சொன்னாக. 'அண்ணனக் கொறை சொல்லாத, அவரு அப்பவே எடுத்துப் பாத்தாரு, சுத்தமாத்தான் இருந்துது'ன்னாக. எங்கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு உள்ள போயி நோண்டியிருக்க! சுத்தமா இருந்ததுல்லா? சுத்தமா இருந்தத நோண்டித்தானே இப்படி ஆச்சு? எங்கப்பாவயும் நீ, எம்புருசனயும் நீ..."



என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நான் செய்யாத ஒன்றைச் செய்ததாக அவள் சொல்கிறாள். இல்லை கோமதி, உன் சத்தியத்தை நான் காப்பாற்றினேன், அதனால்தான் அவர் செத்தார் என்று சொல்லவா? சொன்னால், கையை நீட்டி அழுது கெஞ்சித் தன் புருஷனைத் தானே குழியில் தள்ளியதாக அவள் ஆயுசுக்கும் நினைப்பாளே... அதனால் பேசாமல் இருந்தேன். "மன்னிச்சிரு தாயி" என்று மட்டும் சொன்னேன். அவள் திரும்பி நடந்தாள். அன்றிலிருந்து என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அவளுக்காகத்தான் மௌனமாக இருந்தேன் என்று வெகு நாட்கள் நம்பிக்கொண்டிருந்தேன். தியாகம் செய்த பெருமைகூட லேசாக இருந்தது. அட பாவி! சத்தியத்தை மீறிய அண்ணன் என்ற பழி எவ்வளவு சின்னது? எடுக்காத சதைக்கு முடிவு சொன்ன டாக்டர் என்ற உண்மை எவ்வளவு பெரியது? சின்னப் பழியை வாங்கிக்கொண்டு பெரியதை மூடிவிட்டேன். அவள் மேல் இருந்த பாசம் எத்தனை பங்கு, என் பெயர் மேல் இருந்த ஆசை எத்தனை பங்கு என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் எரிந்து விழுவேன். விடை எனக்குத் தெரியும்.

மௌனம் என்னோடு நிற்கவில்லை. சில மாதங்களுக்கு முன் இலத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இரைப்பையில் புண். சதை எடுக்க வேண்டும் என்றேன். மாட்டவே மாட்டேன் என்றார்.

"டாக்டரையா, இலஞ்சியில ஒருத்தருக்கு நல்லா இருந்த சதையப் புடுங்கித்தான் பரவிட்டாம். அவரு வீட்டம்மாவே எங்க மருமகள்ட்ட சொல்லியிருக்கு. மருந்து மட்டும் குடுங்க."

எந்த டாக்டர் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் அவரை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினேன். சதை எடுப்பதால் பரவாது என்று அன்றைக்கு என் தங்கையிடம் பேசாத பேச்சையெல்லாம் அவரிடம் பேசினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். திரும்ப வரவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னை எழுத உட்காரவைத்தது.

சங்கரலிங்கத்துக்கு ஒரே மகன், குமரேசன். கோயம்புத்தூரில் வேலை. போன சாரலுக்கு ஊருக்கு வந்தவன், தாய்க்குத் தெரியாமல் என்னைத் தேடி மருத்துவமனைக்கு வந்தான். அப்பனைப்போலவே உடம்பு, அப்பனைப்போலவே அகாலத்துச் சாப்பாடு.

"மாமா, நெஞ்சு எரியுது. ரெண்டு மூணு வருசமாவே இருக்கு. குழாய விட்டுப் பாருங்க. ஆனா சதை மட்டும் எடுக்க வேண்டாம். அம்மா உசுர விட்டுருவா."

"எடுக்காமப் பாக்கதுல பிரயோசனம் இல்லலே. எடுத்தாத்தான் தெரியும்" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மரியாதை தெரிந்த பையன். "அப்பாவுக்கு எடுத்தது போதாதா மாமா?" என்றான்.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில். அப்பாவுக்கு நான் எடுக்கவே இல்லை குமரேசா, எடுத்திருந்தால் பிழைத்திருக்கலாம், உனக்கும் அதே கதி வந்துவிடக் கூடாது, படுடா... ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அவன் என்னை அடித்திருப்பான். ஊரைக் கூட்டியிருப்பான். வழக்குப் போட்டிருப்பான். ஆனால் வேறு எங்காவது போயாவது சதை கொடுத்திருப்பான்!

எனக்கு வாய் வரவில்லை.

உங்களிடம் வருகிறது. பாருங்கள், எவ்வளவு சரளமாக வருகிறது! நீங்கள் யாரோ, நான் யாரோ. என் பெயர் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் படித்துவிட்டு, சீ என்று காறித் துப்பினாலும் அது என் வீட்டு வாசலில் விழாது. அதனால் சொல்கிறேன். சொல்ல வேண்டியவனிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்வதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

குமரேசன் எழுந்தான். "அப்போ வேண்டாம் மாமா. இப்போதைக்கு மாத்திரை மட்டும் எழுதிக் குடுங்க" என்றான்.

எழுதிக் கொடுத்தேன். அவன் அப்பாவுக்குக் கொடுத்த அதே மாத்திரை.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினான். "மாமா, சூப்பர் மாத்திரை! எரிச்சலே இல்ல. ராத்திரி நல்லாத் தூங்குதேன். சும்மா பயந்துட்டேன் போல" என்று சிரித்தான்.

"சந்தோசம்லே" என்றேன்.